கையில் இருப்பதும் உரிமையாவதும்: போலந்தின் ஈட்டுச் சட்டம், ஃபிக்ஹின் ஒளியில்

திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்ளவும், தவணையைக் குறிக்கவும், சாட்சிகளை நிறுத்தவும் வழிகாட்டுகிறது. பயணத்தில் எழுதுவோர் கிடைக்காதபோது, கைவசப்படுத்தப்பட்ட ஈடு ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அடுத்த வசனம் அனுமதியளிக்கிறது. ஊரில் இருக்கும்போதும் ஈடு பெறலாம் என்பதற்கு நம் இமாம்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே சான்று எடுத்தனர். மதீனாவில் யூதர் ஒருவரிடம் வாற்கோதுமை வாங்கி, அதற்குத் தம் போர்க்கவசத்தை அண்ணலார் ஈடாக வைத்திருந்தார்கள். அது மீட்கப்படாத நிலையிலேயே அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்.

இந்த ‘ரஹ்ன்’ என்னும் ஏற்பாட்டைச் சுற்றி மூன்று வினாக்கள் எல்லாச் சமுதாயங்களிலும் எழுந்துள்ளன. ஈடு கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும் காலத்தில் அதற்கு எந்த அளவு அவர் பொறுப்பாளி? அக்காலத்தில் அது தரும் பலன் யாருக்கு? தவணை தவறினால் அது யாருடையதாகும்? இவற்றுக்கு ஃபிக்ஹ் நூல்கள் தரும் விடைகளை நாம் அறிவோம். இஸ்லாமியச் சட்ட மரபுக்கு வெளியே, கிறித்தவ ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த போலந்து நாட்டின் சட்டம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே வினாக்களோடு போராடிய வரலாறு நம்மில் பலர் அறியாதது. அவ்வரலாற்றை அறிவது, நம் ஃபுகஹாக்கள் விதித்த வரம்புகளின் நுட்பத்தைப் புதிதாக உணர உதவும்.

சொல்லும் பொருளும்

போலிஷ் மொழியில் ஈட்டிற்கு ‘ஸஸ்தாவ்’ என்று பெயர். முன்னால் வைத்தல், நிறுத்தி வைத்தல் என்னும் பொருள்தரும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. அதே வினைச்சொல் அம்மொழியில் விருந்துக்கு மேசையில் உணவைப் பரப்பி வைப்பதையும் குறிக்கும். விலங்குக்குப் பொறி வைப்பதையும் குறிக்கும். ஈடு என்பது கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்து விருந்தாகவும் அமையலாம், பொறியாகவும் அமையலாம் என்பதை அம்மக்களின் மொழியே சொல்லாமல் சொல்வதுபோல் இருக்கிறது. அரபியின் ‘ரஹ்ன்’ என்னும் வேர்ச்சொல்லுக்கோ நிலைத்திருத்தல், தடுத்து வைக்கப்படுதல் என்னும் பொருள்கள் உண்டு. ஒரு சொல் வைப்பவரின் செயலைப் பார்க்கிறது. மற்றது வைக்கப்பட்ட பொருளின் நிலையைப் பார்க்கிறது.

தமிழில் நாம் நகைக்கு அடகு என்கிறோம். நிலத்துக்கு அடைமானம் என்கிறோம். கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ தம் சுவாதீனத்தில் வைத்து அனுபவித்தால் ஒத்தி என்கிறோம். போலந்தின் இடைக்காலச் சட்டத்தில் இவை அனைத்தையும் ஸஸ்தாவ் என்னும் ஒரே சொல் தாங்கி நின்றது. இன்று அசையும் பொருள்களுக்கும் உரிமைகளுக்கும் மட்டுமே அச்சொல் வழங்குகிறது. அசையாச் சொத்துகளுக்கு ‘ஹிப்போதெக்கா’ என்னும் கிரேக்கச் சொல் வந்துவிட்டது.

இன்றைய சட்டம்

1964ஆம் ஆண்டு இயற்றப்பட்ட போலந்துக் குடியியல் சட்டத்தொகுப்பின் 306ஆம் பிரிவு முதல் ஸஸ்தாவ் விளக்கப்படுகிறது. ஈடாக வைக்கப்பட்ட பொருள் பின்னர் யார் கைக்குப் போனாலும், அதிலிருந்து தம் கடனைப் பெறும் உரிமை ஈடு பெற்றவருக்கு உண்டு. அப்பொருளின் உரிமையாளருக்குப் பிற கடன்கள் இருந்தாலும், அக்கடன்காரர்களுக்கு முன்பாக இவருக்கே அதிலிருந்து கடன் தீர்க்கப்பட வேண்டும். ஈட்டினால் கிட்டும் பாதுகாப்பு என்பது இந்த முன்னுரிமையே என்று ஃபிக்ஹ் நூல்களும் சொல்கின்றன.

ஒப்பந்தம் மட்டும் போதாது. பொருள் கடன் கொடுத்தவரிடமோ, இருவரும் ஏற்றுக்கொண்ட மூன்றாமவரிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது 307ஆம் பிரிவு. திருமறை குறிப்பிடும் ‘கைவசப்படுத்தப்பட்ட ஈடு’ என்னும் நிபந்தனையையும், நம் நூல்களில் ‘அத்ல்’ எனப்படும் நம்பகமான நடுவரிடம் ஈட்டை ஒப்படைக்கும் முறையையும் இது நினைவூட்டுகிறது. ஈட்டை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு எவ்வாறு எழுதியிருந்தாலும் ஈடு முடிந்துவிடும் என 325ஆம் பிரிவு கூறுவது மாலிக்கி மத்ஹபின் நிலைக்கு நெருக்கமானது.

பொறுப்பைப் பற்றிய வினாவிலும் ஒப்புமை உண்டு. ஈடு பெற்றவர், கூலிக்குப் பொருளைப் பாதுகாப்பவர் காட்டவேண்டிய அக்கறையோடு அதைப் பேண வேண்டும் என்று 318ஆம் பிரிவு விதிக்கிறது. ஈடு என்பது அமானிதம். வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாமல் அழிந்தால் ஈடு பெற்றவர் பொறுப்பாளி அல்லர் என்னும் ஷாஃபிஈ, ஹன்பலி கருத்தோடு இது இணைகிறது. ஹனஃபி இமாம்களோ, ஈடு அழிந்தால் கடனும் ஈட்டின் மதிப்பும் ஆகிய இரண்டில் குறைந்த அளவுக்குக் கடன் தீர்ந்ததாகக் கொள்வர்.

பலன் பற்றிய வினாவில் 319ஆம் பிரிவு சிந்தனைக்குரியது. ஈடு பலன் தரும் பொருளாயின், ஈடு பெற்றவர் அப்பலனைச் சேகரித்துக் கடனில் கழித்துக்கொள்ள வேண்டும். ஈடு முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பொதுவிதி நீதியானதே. ஆயினும் ‘வேறு உடன்பாடு இல்லாவிடில்’ என்னும் சொற்களையும் சட்டம் சேர்த்துள்ளது. அதாவது, பலனைக் கடன் கொடுத்தவரே வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் சட்டம் தலையிடாது. ஃபிக்ஹ் தலையிடுவது இந்த இடத்தில்தான். கடனோடு நிபந்தனையாக இணைக்கப்பட்ட ஆதாயம் ரிபா. கடனாளி இசைந்தார் என்பதால் அது ஹலால் ஆகிவிடாது. ஏனெனில் கடன் வேண்டி நிற்பவரின் இசைவு சுதந்திரமான இசைவன்று.

இடைக்காலத்தின் மூன்று வகைகள்

அந்த ஒரு விதிவிலக்கு எத்தனை பெரிது என்பதைப் போலந்தின் பழைய சட்ட வரலாறு காட்டுகிறது. இடைக்காலத்தில் நிலத்தை ஈடாக வைப்பதில் சட்ட வரலாற்றாசிரியர்கள் மூன்று முக்கிய வகைகளைப் பிரித்தறிகின்றனர்.

முதல் வகையில், கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் வசம் எடுத்துக்கொள்வார். ஆண்டுதோறும் கிட்டும் விளைச்சல் கடனில் கழிக்கப்படும். கழிந்து முடிந்ததும் நிலம் தானே உரியவரிடம் திரும்பும். இரண்டாம் வகையிலும் நிலம் கடன் கொடுத்தவர் வசமே இருக்கும். ஆனால் விளைச்சல் அவருக்கே உரியது, அசலில் ஒரு காசும் குறையாது. மூன்றாம் வகையில், குறித்த நாளில் கடன் திரும்பாவிடில் நிலம் முழுவதும் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகிவிடும்.

இம்மூன்றாம் வகை, அறியாமைக் கால அரபியரிடமும் இருந்தது. தவணை தவறியதும் ஈட்டை விழுங்கிக்கொள்ளும் அவ்வழக்கத்தை, ஈடு உரிமையாளருக்கு அடைபட்டுப் போகாது என்னும் கருத்துடைய நபிமொழி ஒழித்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனும் 4ஆம் நூற்றாண்டில் இத்தகைய நிபந்தனையைத் தடை செய்திருந்தார். இருந்தும் ஐரோப்பாவின் வழக்காற்றுச் சட்டங்களில் அது மீண்டும் மீண்டும் தலைதூக்கியது.

இரண்டாம் வகை பரவியதற்குக் காரணம் உண்டு. வட்டியைத் திருச்சபை தடை செய்திருந்தது. வட்டி என்ற பெயர் வராமல் வட்டியின் பயனை அடைய நிலத்தின் விளைச்சல் வழியாயிற்று. தடையின் எழுத்து காக்கப்பட்டது. தடையின் நோக்கம் தோற்றது.

அசையும் பொருள்களை ஈடாகப் பெறுவதில் யூத சமுதாயத்தார் பெரும்பங்கு வகித்தனர். பெரும்போலந்தின் கோமகன் போலெஸ்வாவ் 1264இல் அவர்களுக்கு வழங்கிய காலிஷ் சாசனத்தின் பல விதிகள் ஈட்டைப் பற்றியவையே. கொண்டுவரும் எப்பொருளையும் அவர்கள் ஈடாகப் பெறலாம். ஆயினும் குருதி படிந்த ஆடைகளையும் திருச்சபையின் வழிபாட்டுப் பொருள்களையும் பெறலாகாது. முன்னது கொலையையும் கொள்ளையையும் மறைக்கக்கூடும். பின்னது தனிமனிதரின் சொத்தன்று. ஓராண்டும் ஒரு நாளும் கடந்தும் மீட்கப்படாத ஈட்டுக்காகக் கடன் கொடுத்தவர் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்னும் விதியும் அதில் உண்டு. 1334இல் அரசர் மூன்றாம் காசிமிர் இச்சாசனத்தை உறுதி செய்தார்.

மீட்கப்பட்ட நாடும் மீட்கப்படாத நகரங்களும்

ஈடு தனிமனிதரோடு நிற்கவில்லை. நாடுகளும் ஈடாக வைக்கப்பட்டன. போலந்தின் வரலாற்றில் அருகருகே நிற்கும் இரு நிகழ்ச்சிகள் நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படும்.

ஓபோலே கோமகன் 1392இல் டோப்ஜின் நிலப்பகுதியைத் தியூட்டானிய வீரத்துறவியர் அமைப்பிடம் ஈடாக வைத்தார். அது அவருக்குப் பட்டயத்தால் கிடைத்த ஆட்சிப் பகுதியே அன்றி, முழுவுரிமைச் சொத்தன்று. பிறர் பொருளை அவர் அனுமதியின்றி ஈடு வைத்தல் செல்லாது என்பது நம் சட்ட நூல்களின் விதி. போலந்து அரசரும் அவ்வாறே வாதிட்டார். ஆயினும் அது அமைப்பின் கையில் இருந்தது. கையில் இருப்பவரை வாதத்தால் அகற்ற இயலவில்லை. 1404இல் ரசியோஞ் உடன்படிக்கையின்படி பணம் கொடுத்து மீட்கும் வழி பிறந்தது. அதற்கென வரி விதிக்கப் பிரபுக்கள் இசைந்தனர். 1405இல் அப்பகுதி மீட்கப்பட்டது.

ஏழாண்டுகளுக்குப் பின், 1412இல், போலந்து மறுபக்கத்தில் நின்றது. ஹங்கேரியின் அரசர் சிகிஸ்மண்ட் வெனிஸ் குடியரசுடன் போரிட்டுப் பணமுடைக்கு உள்ளாகியிருந்தார். லுபோவ்லாவில் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, போலந்து அரசர் யாகெல்லோ அவருக்கு 37,000 ‘கோப்பா’ பிராக் வெள்ளிக் காசுகளைக் கடனாகத் தந்தார். ஒரு கோப்பா என்பது 60 காசு. ஆக மொத்தம் 22,20,000 வெள்ளிக் காசுகள். கடனுக்கு வட்டி இல்லை. ஈடாக, இன்றைய சுலோவாக்கியாவிலுள்ள ஸ்பிஷ் பகுதியின் 13 நகரங்களும், லுபோவ்லா கோட்டையும் அதைச் சார்ந்த நகரங்களும் போலந்தின் ஆட்சிக்கு வந்தன. வரிவருமானம் அனைத்தும் போலந்துக்கு. அசலோ குறையவில்லை.

விளைவு என்ன? ஈடு வைத்தவர் மறைந்தார், பெற்றவரும் மறைந்தார். தலைமுறைகள் மாறின. மீட்க வேண்டும் என்னும் பேச்சு ஹங்கேரியில் அவ்வப்போது எழுந்து அடங்கியது. போலந்தின் ஆட்சியாளருக்கோ அந்நகரங்கள் பழகிய சொத்தாகிவிட்டன; லுபோமிர்ஸ்கி என்னும் பெருங்குடும்பம் 1591 முதல் தலைமுறைகளாக அங்கே ஆளுநர் பதவியை வகித்தது. 1655இல் சுவீடன் படையெடுத்து வந்தபோது போலந்தின் அரச அணிகலன்கள் லுபோவ்லா கோட்டையில்தான் ஒளித்து வைக்கப்பட்டன. அயலாரின் ஈட்டுப் பொருளுக்குள் தன் மணிமுடியையே வைத்துக் காக்கும் அளவுக்கு ஈடு சொந்தமாகிவிட்டது!

இறுதியில் 1769இல், ஹங்கேரியையும் ஆண்ட ஆஸ்திரியாவின் படைகள் அப்பகுதிக்குள் நுழைந்தன; 1772இல் போலந்து முதன்முறையாகப் பங்கிடப்பட்டபோது அது ஹங்கேரியோடு இணைக்கப்பட்டது. கடன் திருப்பித் தரப்படவில்லை. 357 ஆண்டுகள் பலனை அனுபவித்தவர் அசலைக் கேட்கும் தார்மிக வலிமையை இழந்திருந்தார். கடன்பட்டவர் கடனைச் செலுத்தாமல் படைபலத்தால் பொருளைப் பறித்தார். இரு தரப்பிலும் அநீதி. கணக்கு வைக்கப்படாத பலனே இரண்டு அநீதிகளுக்கும் வேர். முதல் வகை ஒப்பந்தமாக, வருமானத்தைக் கழிக்கும் ஒப்பந்தமாக, அது இருந்திருந்தால் என்றோ ஒரு நாள் கடன் தானே தீர்ந்திருக்கும்.

உள்நாட்டிலும் இதே நோய் பரவியது. அரசர்கள் போர்ச்செலவுக்காக அரச நிலங்களைப் பெருங்குடிகளிடம் ஈடாக வைத்தனர். வைத்தவை திரும்பவில்லை, கருவூலம் வறண்டது. நாடாளுமன்றத்தின் இசைவின்றி அரச நிலங்களை ஈடு வைக்கலாகாது என்று 1504இல் சட்டம் பிறந்தது. அது மீறப்பட்டது. 1562-63இல் கூடிய நாடாளுமன்றத்தில், 1504க்குப் பின் முறையின்றிக் கைமாறிய நிலங்களை மீட்கும் தீர்மானம் சிறு பிரபுக்களின் வற்புறுத்தலால் நிறைவேறியது. அரச நிலங்களின் வருவாயில் நான்கில் ஒரு பங்கு எல்லைக் காவல் படைக்கென ஒதுக்கப்பட்டது. பொதுச்சொத்தை ஈடு வைப்பது ஒரு தலைமுறை வாங்கும் கடனுக்கு அடுத்த தலைமுறையை ஈடு வைப்பதாகும் என்பதை அந்நாடு பட்டறிந்து கற்றது.

தந்திரமும் தயவும்

வட்டித் தடையைக் கடக்க இன்னொரு வழியும் கண்டனர். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த ‘விடெர்காஃப்’ என்னும் அவ்வொப்பந்தத்தில், பணம் வேண்டுபவர் தம் நிலத்தின் ஆண்டு வருவாயை விற்பார். விலையைத் திருப்பிக் கொடுத்து அதை மீண்டும் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்வார். வடிவத்தில் விற்பனை, உள்ளே கடன். இத்தகைய ஒப்பந்தங்களை 1425இல் போப் ஐந்தாம் மார்ட்டினும், 1455இல் மூன்றாம் கலிக்ஸ்டஸும் ஏற்றுக்கொண்டனர். காலப்போக்கில் திருச்சபை நிறுவனங்களே போலந்தில் இம்முறையில் பெருமளவு பணம் கொடுக்கலாயின.

இதைப் படிக்கும் நம் ஆலிம்களுக்கு ‘பைஉல் வஃபா’ நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டளவில் புகாரா, பல்க் பகுதிகளில் பரவிய ஒப்பந்தம் அது. விலையைத் திருப்பித் தந்தால் பொருளைத் திருப்பித் தருவதாக வாக்களித்து விற்கும் முறை. பிற்கால ஹனஃபி அறிஞர் சிலர் மக்களின் தேவை கருதி அதற்கு இடமளித்தனர். உஸ்மானியரின் ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பும் அதற்கு இலக்கணம் வகுத்தது. மற்ற அறிஞர்களோ, பெயர் விற்பனையாயினும் பொருள் ஈடே; ஆகவே பலன் ரிபாவே என்று மறுத்தனர். ஒரே இக்கட்டுக்கு இரு சமுதாயங்கள் ஒரே தந்திரத்தைக் கண்டன என்பது வியப்பன்று. நம்மிடம் அத்தந்திரத்தை எதிர்த்த குரல் ஓயாமல் ஒலித்தது என்பதே நாம் நன்றியோடு எண்ணத்தக்கது.

தந்திரத்துக்கு மாற்றாகத் தயவின் வழியையும் போலந்து கண்டது. பியோத்தர் ஸ்கார்கா என்னும் கத்தோலிக்கப் போதகர் 1584இல் கிராக்கோ நகரில் இரக்கப்பணிச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1587இல் அதன் சார்பில் ‘பக்தி வங்கி’ என்னும் பெயரில் ஒரு கடன் நிலையத்தைத் தொடங்கினார். ஏழைகள் தம் பொருளை ஈடாக வைத்து, வட்டியின்றிக் கடன் பெறலாம். ஈடு பாதுகாப்புக்கு மட்டுமே; ஆதாயத்துக்கு அன்று. நம் மொழியில் சொன்னால், ரஹ்னுடன் கூடிய கர்ளுன் ஹஸன். வேதம் வேறு, நாடு வேறு; எனினும் அறம் தன் வழியைக் கண்டுகொண்டது.

பதிவேட்டில் ஈடு

பொருள் கைமாற வேண்டும் என்னும் நிபந்தனையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெசவாளரின் தறியை ஈடாக எடுத்துக்கொண்டால் அவர் எதைக் கொண்டு உழைத்துக் கடனைத் தீர்ப்பார்? பொதுவுடைமை ஆட்சி நீங்கியபின் தொழில்கள் பெருகிய போலந்தில் இவ்வினா கூர்மை பெற்றது. 1996 டிசம்பர் 6ஆம் நாள் இயற்றப்பட்டு 1998 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ‘பதிவு ஈடு’ என்னும் முறையை வகுத்தது. எந்திரமோ வாகனமோ கடனாளியிடமே இருக்கும். நீதிமன்றங்கள் நடத்தும் பதிவேட்டில் ஈடு எழுதப்படும். எவரும் அதைப் பார்த்து அறியலாம். கைவசப்படுத்தலின் நோக்கம் உரிமையை வெளிப்படுத்துவதும் உறுதிப்படுத்துவதுமே எனில், பதிவு அந்நோக்கத்தை நிறைவேற்றுகிறது. 1948ஆம் ஆண்டின் எகிப்தியச் சட்டத்தொகுப்பும் கைவச ஈட்டோடு, பதிவால் நிலைபெறும் ‘ரஹ்ன் ரஸ்மி’ என்பதை அசையாச் சொத்துக்கு ஏற்றுள்ளது.

தவணை தவறினால்? சாதாரண ஸஸ்தாவில் நீதிமன்ற நிறைவேற்ற நடைமுறையின் வழியே பொருள் விற்கப்பட வேண்டும். பதிவு ஈட்டில், ஒப்பந்தத்தில் மதிப்பு திட்டமாகக் குறிக்கப்பட்டிருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் கடன் கொடுத்தவரே பொருளை எடுத்துக்கொள்ளலாம்; அப்போதும் கடனுக்கு மேற்பட்ட மதிப்பைக் கடனாளிக்குத் திருப்பித் தர வேண்டும். இடைக்காலத்தின் விழுங்கும் ஈட்டிலிருந்து சட்டம் எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்பதற்கு இது சான்று. மிச்சம் உரியவருக்கே என்பது ஷரீஅத்தின் பழைய விதி.

நமக்குள்ள பாடம்

ஸ்பிஷ் நகரங்களின் கதை அயல்நாட்டுக் கதையாயினும், அதன் சிறிய வடிவங்களை நம் தெருக்களிலேயே காணலாம். பெருந்தொகையைக் கொடுத்து வீட்டை ஒத்திக்கு எடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, முடிவில் முழுத்தொகையையும் திரும்பப் பெறுபவர், தாம் வட்டி வாங்கவில்லை என்று உண்மையாகவே நம்புகிறார். யாகெல்லோவும் வட்டி வாங்கவில்லை! வட்டி என்னும் சொல் எழுதப்பட்டதா என்பதன்று வினா. கடன் கொடுத்ததற்காக ஆதாயம் கிட்டியதா என்பதே வினா. நியாயமான வாடகையைக் கணக்கிட்டு அதைக் கொடுத்த தொகையில் கழித்துக்கொண்டால், போலந்தின் அந்த முதல் வகை ஈட்டுக்கு நிகரான, ரிபாவின் நிழல் நீங்கிய ஓர் ஏற்பாடு கிட்டும். மத்ஹபுகளுக்கேற்ப இதன் விவரங்களைத் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம். வட்டியின்றி நகைமீது கடன் தரும் பைத்துல்மால்களை நம் ஜமாஅத்துகள் வலுப்படுத்துவது அதனினும் நலம். கிராக்கோவின் ஏழைகளுக்கு 1587இல் கிட்டியது, நம் ஏழைகளுக்குக் கிட்டாமல் போவதற்குக் காரணமில்லை.

ஒவ்வோர் ஆன்மாவும் தான் சம்பாதித்ததற்கு ஈடாக வைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்தைத் திருமறையின் 74ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அங்கும் ‘ரஹ்ன்’ என்னும் அதே வேர்ச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அந்த மீட்பு நாளில் தன் ஈடு நீதியோடு விடுவிக்கப்பட வேண்டும் என்று ஏங்குகின்றவர், இன்று தம் கையிலுள்ள பிறர் ஈட்டை எவ்வாறு பேணுகிறார் என்பதைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்.